தண்டலத்தில் கடல்

"கடற்கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கருவிக்குக் கடலே கேட்கவில்லை. பிறகு அது எதற்கு அம்மா?"

ஜூலை மாதம் வீடியோ அழைப்பில், என் திட்டத்துக்கு நிதி கொடுத்த அரசுத் துறையின் ஆய்வுக் குழுத் தலைவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு முந்திரி பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். எனக்கு வந்த கோபத்தில் கணினியை மூடிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் பெயர் தங்கமாரி. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தண்டலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரத்தில் மூன்று வருடமாக ஒரு நில அதிர்வுமானி செய்துகொண்டிருக்கிறேன். பெரிய மாயமெல்லாம் இல்லை. ஓர் ஊசல், ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள். தரை அசையும்போது ஊசல் கொஞ்சம் பின்தங்கும், சுருளில் துளி மின்சாரம் பிறக்கும், அதை அளந்தால் தரை எவ்வளவு அசைந்தது என்று தெரியும். எந்த ஊர்ப் பள்ளிக்கூடமும் வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி மலிவாகச் செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம்.

இதில் கடல் எங்கே வந்தது என்றால், அலைகளின் அசைவு தரைக்குள்ளும் இறங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போகிறது. ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை நம் காலடியில் பூமி ஏறி இறங்குகிறது. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால் நமக்குத் தெரிவதில்லை. நல்ல அதிர்வுமானிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் அதற்குக் காது செவிடு என்று அர்த்தம்.

என் கருவி செவிடு இல்லை. அதைச் சுற்றி இருக்கிற ஊர்தான் சத்தக்காடு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் இரும்புத் தகட்டில் கார்க் கதவும் கூரையும் அடித்துத் தள்ளுகிற ராட்சத பிரஸ்கள். லாரி போகிற அதிர்வு வேகமானது, அதைக் கணக்குப் போட்டு வடிகட்டிவிடலாம். பிரஸ் அப்படியில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது ஐந்து விநாடிக்கு ஒன்று. கடலும் ஏறக்குறைய அதே தாளத்தில்தான் வருகிறது. இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

சத்தமில்லாத ஊருக்குக் கொண்டுபோய் அளந்து வாருங்கள் என்றது குழு. அரசு நிதியில் செய்த கருவி கல்லூரி வாசலைத் தாண்ட ஒரு படிவம் உண்டு. கேட்டுப் பார்த்தேன், டிசம்பரில் கிடைக்கும் என்றார்கள். எனக்குக் கொடுத்த கெடு அக்டோபர் கடைசி. இந்த நாட்டில் ஆராய்ச்சிக்கு எதிரி என்று யாருமே கிடையாது, எல்லாரும் தங்கமானவர்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தவர் போடுவார், அந்த ஒருவர் லீவில் இருப்பார், அவ்வளவுதான். கெடுவுக்குள் கடலைக் காட்டாவிட்டால் திட்டம் முடிந்தது. கருவி ஏதோ ஒரு கிடங்குக்குப் போய்விடும். நான் இருபது மணி நேரம் பாடம் நடத்துகிறவளாக மட்டும் மிஞ்சுவேன்.

வீட்டிலும் இதே பைத்தியம்தான். மிக்ஸி ஓடும்போது பக்கத்து டம்ளர் தண்ணீரில் வளையம் விழுவதைப் பார்த்துக்கொண்டே சட்னியைக் கூழாக்கிவிடுவேன். என் கணவர் இசக்கி இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் இன்சார்ஜ். "நான் அங்ஙன அடிக்கேன், நீ இங்ஙன எண்ணுத. நல்ல குடும்பம்" என்பார். ஒன்பது வயது மகள் கனிஷ்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஆகஸ்ட் மாதம் போன வருடப் பதிவுகளை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் நாற்பது நிமிடம் மட்டும் கோடு அப்படியே படுத்துக் கிடந்தது. அப்புறம் பதிவே இல்லை. கருவி செத்துப்போயிருந்தது போல என்று கடக்கப் பார்த்தவள் தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். எல்லா ஆலையிலும் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் கழித்து எங்கள் கல்லூரியிலும் பூஜை முடித்து மெயினை அணைத்திருக்கிறார்கள். அதனால்தான் பதிவு நின்றிருக்கிறது.

நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த வட்டாரமே வாயை மூடிக்கொள்கிறது. குழு கேட்டதோ ஆறு மணி நேரம் இடைவிடாத பதிவு. அதற்கு ஒரு நாள் தாராளம்.

தடையாக இருந்தது ஒரே ஒரு ஆள், எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர் கோவிந்தம்மா. தண்டலத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருடமாக ஆய்வக பூஜை அவர் கையில்தான். முந்தைய நாள் மாலை பூஜை முடிந்ததும் மெயினை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிடுவார். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுப்பார். நடுவில் முதல்வரே வந்து கேட்டாலும் சாவி கிடைக்காது.

"பேட்டரி போட்டு இதை மட்டும் ஓட விட்டுர்றேன் அக்கா" என்று இந்த வருடம் பூஜைக்கு முந்தைய மாலை அவரிடம் கேட்டேன்.

"நாளைக்கு எல்லாத்துக்கும் ரெஸ்ட் மேடம். இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"இதுக்கு வேலையே இல்லை அக்கா. சும்மா தொங்கிக்கிட்டு இருக்கும்."

"சும்மா தொங்குறதுக்கு பேட்டரி இன்னாத்துக்கு?"

கடைசியில் உண்மையைச் சொன்னேன். இது போனால் என் வேலையே போன மாதிரி, இந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் கிடையாது என்றேன். அவர் கருவியை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு, பெட்டியின் மூடிமேல் பொட்டு வைத்தாக வேண்டும், அதற்குமேல் அது தொங்குவதும் தொங்காததும் அதன் பாடு என்றார். சந்தனத்தைத் துளிகூடச் சிந்தாமல் வைத்தார். பூவும் வைக்கப் போனவரை, பூ உதிர்ந்து விழுந்தால்கூடக் கருவிக்குக் கேட்கும் என்று தடுத்தேன். "அம்மாம் காதா!" என்று ஆச்சரியப்பட்டுக் கதவைப் பூட்டினார்.

இசக்கியிடம் ஒரு வாரமாகப் பத்துத் தடவை கேட்டிருந்தேன். "என்னங்க, உங்க லைன் கண்டிப்பா நிக்கும்ல?" பத்துத் தடவையும் நிற்கும் என்றார்.

ஆயுத பூஜை காலையில் வீட்டில் அவர் பூஜை போட்டார். பைக், என் ஸ்கூட்டர், மிக்ஸி, ஸ்பானர் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. கனிஷ்கா கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுவந்து வைத்தாள். நான் சுண்டலைத் தின்றுகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியோடு ஒரு சிம் கார்டுப் பெட்டியும் உண்டு, அது ஒரு கோட்டுப் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கடல் தெரிகிற அளவுக்கு நுணுக்கமான படம் இல்லை, சத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம். இந்தத் தடவை சில ஆலைகள் இரவும் ஓட்டிவிட்டுக் காலையில்தான் நிறுத்தின, அதுவரை கோடு ஆடிக்கொண்டே இருந்தது. பத்தரை மணிக்கு ஒரு துள்ளல். கல்லூரி வாசலில் காவலாளி பூசணிக்காய் உடைத்திருக்கிறார். பத்து நாற்பதிலிருந்து கோடு படுத்துவிட்டது.

பன்னிரண்டு மணி போல இசக்கிக்கு ஒரு போன் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, "சிங்கப்பெருமாள் கோவில்ல ஒரு பிரண்டப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். பாயசம்கூடக் குடிக்கவில்லை.

மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கோட்டில் ஒரு பல் முளைத்தது. ஐந்து விநாடி கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டு.

ஆறு மணி நேரத்தில் மூன்றேகால்கூட ஆகியிருக்கவில்லை. கருவியில்தான் ஏதோ கோளாறு, பேட்டரி தகராறு செய்கிறது என்று நம்பத்தான் மனம் விரும்பியது. கனிஷ்காவைக் கீழ் வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

ஆய்வகக் கட்டிடத்துக்கு வெளியே, இருபதடி தள்ளி, வேப்ப மரத்தடியில் கோவிந்தம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லீவு நாள்ல என்ன அக்கா இங்க?"

"நீங்க பூட்ட ஒடச்சிடுவீங்களோன்னு தான். வருவீங்கன்னு தெரியும். காலீலேர்ந்து இங்கதான் கீறேன். ஒரு ஆள உள்ள வுடல. பூ வுழுந்தாலே அதுக்குக் கேக்கும்னீங்களே."

போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எங்கேயோ ஒரு பிரஸ் ஓடுகிறது, அது அடிக்கிற அடிதான் இது என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஆயுத பூஜை அன்னிக்கா? பொட்டு வச்ச மிஷினயா? எவன் அவன்?"

எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. பேட்டரித் தகராறு இப்படிக் கடிகாரம் மாதிரி அடிக்காது, கல்லூரியில் கோளாறு இல்லை. பன்னிரண்டு அடி என்ற எண்ணை என்னிடம் சொன்னது யார்? பாயசம் குடிக்காமல் போனது யார்? ஸ்கூட்டரைத் திருப்பினேன். கோவிந்தம்மா கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார்.

நாலு கிலோமீட்டர்தான். ஆலை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது, உடைத்த பூசணிக்காய் கிடந்தது, அதைத் தாண்டி உள்ளேயிருந்து தரை வழியாக ஐந்து விநாடிக்கு ஒரு முறை தொம்மென்று வந்தது. காவலாளி உள்ளே போன் செய்தார். பத்து நிமிடம் கழித்து இசக்கி காது அடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார்.

"தங்கம், நீ ஏசுவேன்னுதான் சொல்லல. எக்ஸ்போர்ட் ஆர்டர். நைட்டு விடிய விடிய ஓட்டி முடிக்கணும்னு மேனேஜர் கூப்பிட்டுட்டார். நாலு கிலோமீட்டர் தள்ளி அதுக்கு எங்க தெரியப் போவுதுன்னு நெனச்சிட்டேன்."

பொய் சொன்னதுகூட எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் வலித்தது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் நான் செய்துகொண்டிருப்பதில் இவருக்கு நம்பிக்கையே இல்லை.

"ஒண்ணு அம்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சீங்க" என்றேன். "ரெண்டு பத்துக்கு நிறுத்தி, நாலு நிமிஷம் கழிச்சி மறுபடி ஓட்டினீங்க. ரெண்டு முப்பத்தொண்ணுல ஒரே ஒரு அடி மட்டும் தப்பியிருக்கு."

அவர் என் போனையே பார்த்தார். "ரெண்டு பத்துக்கு ஷீட் மாட்டிக்கிச்சு" என்றார் மெதுவாக. "அது உள்ள நின்னவனுக்குத்தான் தெரியும்."

"எனக்கு ஆறு மணி நேரம் வேணும். இன்னிக்கு இல்லைன்னா இனிமே இல்லை."

"அத மேனேஜர்ட்ட எப்படிச் சொல்ல? எம் பொண்டாட்டிக்குக் கடல் கேக்கணும்னா?"

"நான் சொல்றேன், போனைப் போடு" என்றார் கோவிந்தம்மா.

இசக்கி போட்டார். மேனேஜர் வெங்கடேசன் எடுத்ததும், யார் என்று கேட்கக்கூட விடாமல் கோவிந்தம்மா பேசினார். "சார், நான் தண்டலம் கோவிந்தம்மா. பொட்டு வச்ச பிரஸ்ஸுல பசங்க ஏறமாட்டேன்னு சொல்லிகினு கீறானுங்க. நாளிக்கு ஒருத்தன் வெரல் போச்சுன்னா நீயா வந்து நிப்ப?" அந்தப் பக்கம் மேனேஜர் கத்தினார். இசக்கி போனை வாங்கி, "ஆமா சார், பயப்படுதானுவ. காலைல ஆறு மணிக்கு எலுமிச்சம்பழம் வச்சி ஓட்டிருதேன்" என்றார்.

பையன்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. லைனில் இருந்த பத்துப் பேரும் உள்ளே பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், எல்லாரும் எங்கள் பக்கத்துத் தெற்கத்திப் பிள்ளைகள். எனக்கு அது தெரியும். பிரஸ் தொழிலில் விரல் போவதற்குச் சாமி காரணம் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் இயற்பியல் பேராசிரியையான நான் ஆலை வாசலில் ஆயுத பூஜைக்குக் காவல் நிற்பவள் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடல் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இசக்கி உள்ளே போனார். தரையில் தொம் நின்றது.

விஜயதசமி காலை ஏழு மணிக்குக் கோவிந்தம்மா கற்பூரம் காட்டிச் சாவியை எடுத்தார். மெயினைப் போட்டதும் பதிவைக் கணினியில் ஏற்றினேன். கணக்கு ஓடி முடிய ஐந்து நிமிடம் ஆனது. படத்தில் ஆறு விநாடிப் பக்கத்தில், அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, அகலமாக ஒரு மேடு எழுந்து நின்றது. பதினான்கு மணி நேரமும் நின்றது. நான் அழுதேன். மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னா மேடம் அது?"

"கடல் அக்கா. அலை."

"அலையா? இங்கியா?" குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரிலயே."

"எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் இதைச் செஞ்சேன்."

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் இசக்கி ஒரு மெமோவோடு வந்தார். லைன் நின்றதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டும். கீழே, வேலை செய்ய மறுத்தவர்கள் என்று பத்துப் பேர் பெயரும் வரிசையாக அச்சடித்திருந்தது. ஆளுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷனுக்கு ஏன் பரிந்துரைக்கக் கூடாது என்று ஒரு கேள்வி.

சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அவர் மெமோவோடும், மறு பக்கம் நான் குழுவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தோடும் உட்கார்ந்தோம். என் படிவத்தில் 'சுற்றுப்புற இரைச்சலைத் தவிர்க்கக் கையாண்ட முறை' என்று ஒரு கட்டம். ஆயுத பூஜை விடுமுறை நாளில் அளந்தோம் என்று எழுதியிருந்தேன். அடுத்தது, 'மீண்டும் செய்து காட்ட இயலுமா?' இயலும், அடுத்த வருடம் இதே நாளில்.

அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'சாமி பயத்தில் பையன்கள் தயங்கினார்கள்' என்று ஆரம்பித்திருந்தார்.

"இதை எழுதாதீங்க."

"போன்ல சொன்னது இதுதான தங்கம். மாத்திச் சொன்னா என் வேலைக்கே ஒல வச்சிருவானுவ."

"அந்தப் பிள்ளைங்க தயங்கவே இல்லையே. நம்மதான் நிறுத்தினோம். அவங்க பேர்ல என் கடல் வேண்டாம்."

நான் என் படிவத்தை இழுத்து, எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். 'பிற்பகலில் அருகிலுள்ள ஆலையில் ஓடிய ஒரு பிரஸ், என் கோரிக்கையின் பேரில் மறுநாள் காலை வரை நிறுத்தப்பட்டது.' இதைப் படித்தால் குழுத் தலைவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு நூறு கேள்வி கேட்பார். என்ன முறை இது, யார் அனுமதித்தார்கள், அடுத்த வருடம் அந்த ஆலை ஒத்துக்கொள்ளுமா என்பார். கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். கடல் கிடைத்துவிட்டது, அதை இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். பிரஸ் அச்சுகளின் மேல் நம்பர் எழுதுவாரே, அதே கொட்டை எழுத்தில், 'பையன்கள் யாரும் மறுக்கவில்லை. நிறுத்தியது நான்' என்று எழுதினார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"உள்ளதைப் போடுங்க."

'என் மனைவியின் ஆராய்ச்சிக்காக' என்று போட்டார். பேனாவை எடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனார். அது லைன் நின்ற நேரம். ஆலைக் கணினியில் எடுத்த அச்சுத்தாள் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒன் மிஷின்ல எத்தன மணின்னு இருக்கு?"

"மூணு நாப்பத்தேழு."

"அப்ப அதுதான்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.